நூற்றுத் தொண்ணூற்றாறாம் பக்கம்

நான் இரவு வேலையை விட்டதற்குக் காரணம் பேய் அல்ல, சூப்பர்வைசர். குளிர்பதனக் கிடங்கில் நான்கு வருடம் காவல் இருந்தேன். ஒரு பேய்கூட எட்டிப் பார்க்கவில்லை. வந்திருந்தால் பேச்சுத் துணைக்காவது ஆகியிருக்கும். அது வராத குறைக்குப் பேய்க் காதல் நாவல்களாகப் படித்துத் தள்ளினேன். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

அதனால்தான் லாண்டரி அக்காவின் வாசகர் வட்டத்தில் போய் விழுந்தேன். வட்டம் என்பது பெரிய வார்த்தை. மொத்தம் நான்கு பேர். ஞாயிறு மதியம் அக்கா கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியதும், பாலிதீன் உறைக்குள் தொங்கும் கோட்டுகளுக்கு அடியில், துணி மடிக்கும் மேசையைச் சுற்றி உட்காருவோம். அக்காவைத் தவிர டிரைவர் அண்ணன், நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அவருடைய மனைவியின் தங்கை, மருந்துக்கடையில் வேலை. நான்காவது நான். என்னை 'வாட்ச்மேன்' என்பார்கள். வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது, பெயர் மட்டும் டியூட்டியில் இருக்கிறது.

மாதம் ஒருவர் ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்யலாம். மூன்று நிமிடம். யாரும் குறுக்கே பேசக் கூடாது. கைகள் உயர்ந்தால் அந்த ஒரே பிரதி ஆளுக்கு ஒரு வாரமாகச் சுற்றி வரும். உயராவிட்டால் அந்த மாதம் அக்கா எடுத்துக் கொடுப்பதைப் படிக்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. கடைசிப் பக்கம்வரை படிக்காமல் சிபாரிசு செய்தாலோ, படித்ததாகச் சொன்னாலோ, ஒரு வருடத்துக்குச் சிபாரிசு உரிமை கிடையாது. அட்டைப் படத்தைப் பார்த்தே புத்தகத்தைப் புகழ்ந்த ஒரு ஆசாமியால் வந்த விதி. அவர் இப்போது கேரம் போர்டு பக்கம் போய்விட்டார்.

என் முதல் இரண்டு சிபாரிசுகளும் ஊற்றிக்கொண்டன. "எல்லாரும் செத்துடுவாங்க. நல்லா இருக்கும்" என்று பத்து நொடியில் முடித்தேன். மிச்ச நேரத்தில் சுவர்க் கடிகாரம்தான் பேசியது. ஒரு கையும் உயரவில்லை. எனவே இரண்டு மாதமும் அக்காவின் டாக்டர் காதல் கதைகள். அந்த டாக்டர்கள் யாருக்கும் ஊசி போட்டு நான் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பார்கள்.

எனக்கு இது விளையாட்டு இல்லை. டிவியில் எந்தச் சேனல் வைப்பது என்றுகூட வீட்டில் யாரும் என்னைக் கேட்பதில்லை. நான் பேசுவதை மூன்று நிமிடம் கேட்கிற இடம் அந்த மேசை ஒன்றுதான்.

அப்போதுதான் பழைய பேப்பர் கடையில் அந்தப் புத்தகம் கிடைத்தது. செத்துப்போன லிஃப்ட் மெக்கானிக் ஒருவன், ஆறாவது மாடியில் குடியிருக்கும் பெண்ணைக் காதலிக்கிறான். லிஃப்ட் நடுவில் நின்றால் மட்டும்தான் அவனால் அவள் கண்ணுக்குத் தெரிய முடியும். ஆகவே அவள் ஏறும்போதெல்லாம் நிறுத்துகிறான். அவளோ அவனைப் பற்றிப் பராமரிப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுதிக்கொண்டே இருக்கிறாள். ஒரே மூச்சில் படித்தேன். நூற்றுத் தொண்ணூற்றாறாம் பக்கத்தின் கடைசி வரி: 'அவள் லிஃப்ட் கதவைத் திறந்தாள். அங்கே'.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பின் அட்டை. உள்ளே பக்கங்கள் 212 என்று அச்சிட்டிருந்தது. பதினாறு பக்கம் எங்கோ எதையோ பொட்டலம் கட்டப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் முறை. கையில் வேறு புத்தகம் இல்லை. முதலில் வாங்குகிறவர் வந்து கத்துவார், 'நான் கொடுக்கும்போது இருந்ததே' என்று சாதித்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். மூன்று நிமிடமும் பேசினேன். மூன்று கைகளும் உயர்ந்தன.

"முடிவு எப்படி?" என்றார் டிரைவர் அண்ணன்.

"எதிர்பார்க்கவே மாட்டீங்க" என்றேன். பொய் இல்லை.

ஒரு வாரம் கழித்து அவர் புத்தகத்தை மச்சினியிடம் கொடுத்தார். 'நான் கொடுக்கும்போது இருந்ததே' என்பதை நான் தயாராக வைத்திருந்தேன்.

"என்ன முடிவு தம்பி அது. ஸ்டியரிங்கப் பிடிச்சா கை நடுங்குது" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த வாரம் மச்சினி அதை அக்காவிடம் கொடுத்தாள். "கடைசிப் பக்கத்துல அழுதுட்டேண்ணா. கவுன்டர்ல நின்னவர் தனக்கு என்னமோ பெரிய வியாதின்னு பயந்துட்டார்."

அக்கா அதை வாங்கி, பின் அட்டைப் பக்கமாகத் திருப்பி அலமாரியில் வைத்தார்.

விவாத நாள் வந்தது. அக்கா புத்தகத்தை மேசை நடுவில் வைத்தார். "சரி, முடிவைப் பத்திப் பேசுவோம்."

"அவன் லிஃப்ட்டோட மேல போயிடறான்" என்றார் டிரைவர் அண்ணன். "மொட்டை மாடியத் தாண்டி. டிக்கெட் இல்லாத பயணம்."

"மாமா, நீங்க வேற புத்தகம் படிச்சீங்களா? அவ இல்ல கீழ குதிக்கிறா."

"எங்க குதிச்சா?"

"லிஃப்ட் குழிக்குள்ள. ரெண்டு பேரும் பேயா சேர்ந்துடறாங்க."

"அது அவ கனவும்மா. நீ வரி தாண்டிப் படிக்கிற ஆளு. உங்க அக்காவும் இப்படித்தான், மளிகை லிஸ்ட்டக்கூட பாதிதான் படிப்பா."

"நீங்க சிக்னல்ல படிச்சா கனவும் நிஜமும் எப்படித் தெரியும்?"

இருவரும் இல்லாத பக்கங்களுக்காகப் பத்து நிமிடம் சண்டை போட்டார்கள். டிரைவர் அண்ணன் வசனம்கூடச் சொன்னார். மச்சினி அதை மறுத்து வேறு வசனம் சொன்னாள். இரண்டுமே மோசமில்லை. உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான், வாயைத் திறந்தால் முதலில் மாட்டுகிறவனும் நானே. கோட்டுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வாட்ச்மேன், நீ சொல்லுப்பா. அங்கே என்ன இருந்துச்சு?" என்றார் அக்கா.

'அங்கே' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, நீங்க..."

"நான் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்துலதான் ஆரம்பிப்பேன். துணி வந்தா முதல்ல உள்பக்கத்தப் புரட்டித்தானே பார்க்கிறோம், கறை அங்கதான இருக்கும். வாங்கின அன்னிக்கே தெரியும். யாராவது வாயத் திறக்கறீங்களான்னு ஒரு வாரமா காத்துக்கிட்டிருக்கேன்."

டிரைவர் அண்ணன் தன் செருப்பைப் பார்த்தார்.

"நூத்தி இருபதுல தூங்கிட்டேன்" என்றார். "ரெட்டை டியூட்டி."

"நான் தொண்ணூறு" என்றாள் மச்சினி. "மாமா பிரமாதம்னு சொன்னார். நான் மட்டும் முடிக்கலன்னா வீட்டுல எங்க அக்காகிட்டப் போய் வத்தி வைப்பார்."

"நான் நூத்தித் தொண்ணூத்தாறு" என்றேன். யாருக்கும் அது பெருமையாகப் படவில்லை.

"மூணு பேருக்கும் ஒரு வருஷம்" என்றார் அக்கா. அலமாரியிலிருந்து மூன்று டாக்டர் நாவல்களை எடுத்து ஆளுக்கொன்று நீட்டினார். "இத முழுசாப் படிச்சு, அடுத்த ஞாயிறு உள்ளத உள்ளபடி சொல்றவங்களுக்கு உரிமையத் திருப்பித் தரேன்."

என் டாக்டரும் மழையைத்தான் பார்த்தார். ஆனால் எழுபதாம் பக்கத்தில் அவருக்கே ஏதோ நோய் என்று தெரிந்தது. அதை மறைத்துக்கொண்டு ஒரு நர்ஸோடு வார்டு வார்டாகச் சண்டை போட்டார். எனக்குப் பிடித்துவிட்டது என்று எழுதக் கையைக் கொஞ்சம் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கிறது. நூற்று எண்பதாம் பக்கம்: 'ரிப்போர்ட்டைப் பிரித்த நர்ஸ்'. உள்ளே பக்கங்கள் 198 என்று இருந்தும் பிறகு ஒன்றுமில்லை. துணி வெட்டும் கத்தரியால் நேராக, சுத்தமாக வெட்டியிருந்தது.

ஞாயிறு வந்தது.

"முடிச்சாச்சுக்கா. அருமையான கல்யாணம்" என்றார் டிரைவர் அண்ணன்.

"எனக்கு டாக்டர் செத்துட்டார்" என்றாள் மச்சினி. "அழுதேன்."

அக்கா என்னைப் பார்த்தார். கல்யாணமா சாவா என்று ஊகிப்பது கஷ்டமே இல்லை. அந்த வகைக் கதைகளில் கல்யாணம்தான். அதைச் சொன்னால் உரிமை வந்துவிடலாம். ஆனால் ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியாது.

"முடிக்கலக்கா. பதினெட்டுப் பக்கம் உங்ககிட்ட இருக்கு. கொடுங்க."

அக்கா எழுந்து கோட்டுகளுக்கு நடுவே கையை விட்டார். மூன்று பாலிதீன் உறைகள் ஒரே ஹேங்கரில் தொங்கின. ஒவ்வொன்றிலும் சலவை டோக்கன் குத்தியிருந்தது. என் உறையை எடுத்துக் கொடுத்தார். பக்கங்கள் இஸ்திரி போட்டு மடிப்பில்லாமல் இருந்தன.

"இவனுக்கு மூணு நிமிஷம்" என்றார் மற்ற இருவரிடம். "உங்க ரெண்டு பேருக்கும் அடுத்த வருஷம்."

என்னிடம் அன்றும் வேறு புத்தகம் இல்லை. லிஃப்ட் கதையையே மேசையில் வைத்தேன்.

"இதுக்கு முடிவு இல்ல. நூத்தித் தொண்ணூத்தாறுல அப்படியே தொங்கும், எரிச்சலா இருக்கும். ஆனா அவ எழுதற ஒவ்வொரு புகாரையும் அவன் மேல் மாடியில உக்காந்து படிச்சு, எழுத்துப் பிழையத் திருத்திக் கீழ அனுப்புவான். அதுக்காகவே படிக்கலாம்."

பத்து நொடியைவிடக் கொஞ்சம் அதிகம். கடிகாரம் பேசத் தொடங்கியது.

முதலில் அக்கா கையைத் தூக்கினார். அப்புறம் மச்சினி.

டிரைவர் அண்ணனும் தூக்கினார். "நான் ரெண்டாவது தடவ படிக்கறேன்" என்றார்.

மூவரும் அவரையே பார்த்தோம்.

"நூத்தி இருபதுலேர்ந்து" என்றார்.