யாரும் பாக்கல

ஆணியில் சாவி தொங்கியது. என் மகள் திலகத்தின் இடுப்பில் இருக்க வேண்டிய சாவி.

காலை நிறுவையில் தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்து, காலிக் கூடையை லயத்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, ஒரு வாய் சோறு தின்னலாம் என்று உள்ளே வந்தேன். "திலகம்" என்று கூப்பிட்டேன். பின்கட்டிலும் இல்லை, குழாயடியிலும் இல்லை. அவளுடைய நல்ல செருப்பைக் காணோம். பாயின் மேல் அந்தப் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது.

சாவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திலகத்துக்கு ஒன்பது வயதில் காக்கா வலிப்பு வந்தது. இன்றைக்கு வாய் நிறையச் சொல்கிறேன். இது நடந்த எழுபத்தெட்டாம் வருஷத்தில் எங்கள் வீட்டுக்குள் அந்த வார்த்தைக்கு இடமில்லை. "அது" என்போம். அது வந்தால் முதலில் கதவைச் சாத்துவேன், பிறகுதான் ஓடிப்போய் அவள் கையில் இரும்பைத் திணிப்பேன். இரும்பு பட்டால் அடங்கும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. அவசரத்துக்குத் தேட வேண்டாமே என்று பழைய டிரங்குப் பெட்டிச் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்து அவள் இடுப்பிலேயே கட்டினேன். பெட்டி துருப்பிடித்து எப்போதோ போய்விட்டது. சாவி மட்டும் மிச்சம்.

கண் விழித்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "யாராச்சும் பாத்தாங்களாம்மா?"

"யாரும் பாக்கலடி" என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் தூங்குவாள்.

அவள் அப்பா இறந்த பிறகு இதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் வந்துவிடுமோ என்று பாரம் மூன்று வகுப்போடு படிப்பை நிறுத்தினேன். மலைச்சரிவில் வந்துவிடுமோ என்று கொழுந்தெடுக்க அனுப்பவில்லை. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு மாசாமாசம் நானே போய் மாத்திரை வாங்கி வருவேன். "பிள்ளையக் கூட்டிட்டு வாம்மா" என்று அங்கே ஒவ்வொரு தடவையும் திட்டுவார்கள். அடுத்த மாசம் என்று தலையாட்டிவிட்டு வருவேன். லயத்தில் கேட்டால் எனக்குத்தான் தீராத தலைவலி. "இராசம்மா மண்டைக்குள்ள கல்லு இருக்குலா" என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் அந்த வாய்க்கு வேறு தீனி போடலாம்.

இப்படிக் கட்டிக் காத்த வீட்டுக்குள் ஒரு புத்தகம் வந்து நுழைந்தது.

வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் கொட்டகை ஆயா செல்லம்மாவுக்குக் கதைப்புத்தகம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டகை வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். எழுத்து தெரியாத நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டே கேட்போம். இந்தத் தடவை கதையில் அஞ்சுகம் என்று ஒரு பெண். இரண்டாம் வாரமே அவளுக்கு "அது" வந்தது. புத்தகத்தில் அப்படியே எழுதியிருந்தான், வாயில் நுரை வந்ததுவரைக்கும். அவள் அம்மா அவள் இடுப்பில் ஒரு சாவியைக் கட்டிவிட்டாள்.

எழுதினவனுக்கு என் வீட்டுச் சாவி எப்படித் தெரிந்தது? எழுந்து போனால் ஏன் போகிறாள் என்பார்கள். உட்கார்ந்திருந்தால் மூச்சு முட்டியது. திலகம் என் பக்கத்தில் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் என் முந்தானையை இழுத்து அவள் இடுப்புப் பக்கம் போட்டு வைத்தேன்.

பெண்டுகள் எல்லாரும் அஞ்சுகத்துக்காக மூக்கைச் சிந்தினார்கள். பத்திக்கொண்டு வந்தது எனக்கு. மேல் லயத்தில் ஒருத்திக்கு இதே வலிப்பு வந்தபோது அவள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம் என்று சொன்னவர்கள் இவர்கள்தான். காகிதத்தில் வந்தால் கண்ணீர் வருகிறது, பக்கத்து வீட்டில் வந்தால் கதவைச் சாத்துகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை செல்லம்மா நிறுத்திய இடம் இது: அஞ்சுகம் இடுப்புச் சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், வாசலைத் தாண்டினாள். மழை வந்துவிட்டது. எல்லாரும் எழுந்து ஓடினோம். மிச்சத்தைத் தானே படிக்கிறேன் என்று திலகம் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தாள்.

இப்போது என் வீட்டு ஆணியில் சாவி.

புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். எனக்கு அது வெறும் எறும்புக் கூட்டம். அதைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக் கொட்டகைக்கு ஓடினேன். செல்லம்மா ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"கடைசிப் பக்கத்தப் படி."

"என்னக்கா, வேலை நேரத்துல? பிள்ளைங்க இப்பதான் தூங்குதுங்க."

"படிடி!"

என் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சு இல்லாமல் வாங்கினாள். அவளுக்கும் ஆசைதான். விரலை வைத்துப் படித்தாள். "'ஏரி ஒரு வார்த்தையும் கேட்காமல் அவளை வாங்கிக்கொண்டது. இனி அம்மாவுக்குப் பாரமில்லை.'" முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "செத்துட்டாக்கா, பாவம். நல்ல முடிவுதான் இல்ல? எத்தன நாளைக்குத்தான் அவளும்..."

நான் நின்று கேட்கவில்லை.

எங்கள் தோட்டத்திலிருந்து ரிங்லெட் ஏரிக்கு இறக்கம்தான். தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் விழுந்து எழுந்து ஓடினேன். கையெல்லாம் கீறல். அணைக்கட்டுத் தண்ணீர் மழைச்சேறு கலந்து மங்கலாகக் கிடந்தது. உள்ளே என்ன இருந்தாலும் தெரியாது. கரையோரம் செருப்பைத் தேடினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு மிதந்ததெல்லாம் முடி. ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கண்டு முழங்கால் தண்ணீர்வரை இறங்கிவிட்டேன்.

"திலகம்... திலகம்..."

அப்போதும் மெதுவாகத்தான் கூப்பிட்டேன். உரக்கக் கத்தினால் யாராவது வந்து ஏன் என்று கேட்பார்களே. பிள்ளை தண்ணீருக்குள் கிடக்கிறாளோ என்று நெஞ்சு வெடிக்கிறது, தொண்டை மட்டும் பழக்கத்தை விடவில்லை. அந்தப் பயத்தைப் போல ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

ரோட்டோரம் காய்கறிக் கடை போட்டிருந்த ராமையா எட்டிப் பார்த்தார். "யாரத் தேடுற தங்கச்சி? ஒம் மகளயா? அது காலையிலயே தானா ராத்தா பஸ்ல ஏறிப் போச்சே."

அடுத்த பஸ் வருவதற்குள் எனக்கு ஒரு யுகம் போனது. ஏரி இல்லை, சரி. ஆனால் அவள் இதுவரை தனியாகப் பஸ் ஏறியதே இல்லை. வளைவுக்கு வளைவு எனக்குப் புதிதாக ஒன்று தோன்றியது: ரோட்டில் விழுந்து கிடப்பாளோ, லாரி வருமோ, எவனாவது தூக்கிப் போயிருப்பானோ. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். சாவிக் கனம் இல்லாத மடியை நினைத்துத்தான் நான் பயந்தேன்.

தானா ராத்தா பஸ் நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் பட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து கறிபாப் பலகாரம் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நரைத்த தலையோடு ஒரு ஆள், புருவத்தில் பழைய தழும்பு.

அடிக்கக் கை ஓங்கினேன். கை பாதியில் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டது. "சாவிய ஏன்டி கழட்டி வச்ச? சாவிய ஏன்டி கழட்டின?"

அவள் மிரண்டுவிட்டாள். "ஆஸ்பத்திரில பாத்தா சிரிப்பாங்கன்னும்மா..."

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வந்த?"

"அந்தப் புத்தகத்துல அவ செத்துட்டாம்மா. போன புத்தகத்துலயும் ஒருத்தி இருந்தா, அவளப் பேயோட்டுறவன் அடிச்சே கொன்னுட்டான். கடைசிப் பக்கம் வரைக்கும் ஒருத்திகூட உசுரோட வர மாட்டேங்குறா. நெசத்துலயும் அப்படித்தானோன்னு பயமா இருந்துச்சு. ஒங்கிட்ட கேட்டா நீ வாயப் பொத்துவ. அதான், இது உள்ளவங்கள்ல வயசானவங்க யாராச்சும் இருக்காங்களான்னு பாக்க வந்தேன்."

நான் சாத்திய கதவுக்குள்ளே உட்கார்ந்து, உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று என் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த ஆள் சிரித்தார். "நான் சின்னக்கருப்பன், தாயி. கோலா தெர்லாவுல கோஸ் தோட்டத்துல வேலை. மாத்திரைக்கு உக்காந்திருக்கேன், ஒம் மக நடுவுல வந்து நின்னு, 'காக்கா வலிப்பு உள்ளவங்கள்ல வயசானவங்க யாராச்சும் இருக்கீங்களா'ன்னு சத்தமாக் கேக்குது. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. கெழடுகளப் பொறுக்கிக் கழிச்சுக்கட்டப் போறாங்களோன்னு நெனச்சேன். அப்புறம் சரி, வர்றது வரட்டும்னு கையத் தூக்குனேன். இப்ப பஸ் ஏத்தி விடலாம்னு கூட வந்தேன்."

"அவருக்குப் பேரப்பிள்ளைங்க இருக்காங்கம்மா" என்றாள் திலகம். நிலாவில் வீடு இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

"மெதுவாப் பேசு" என்றேன். நிலையம் முழுக்க ஆட்கள். எங்கள் தோட்டத்துக் காளியம்மா எதிர்ப்பக்கம் மீன் பையோடு நின்றாள். அவள் காதில் ஒன்று விழுந்தால் மறுநாள் காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களம் முழுக்கப் பரவியிருக்கும்.

திலகத்தின் கண் ஒரே இடத்தில் நின்றிருந்தது. வாய் எதையோ மென்றது. கறிபாப்பை அல்ல. எனக்குத் தெரியும் அது எதன் அடையாளம் என்று.

பெஞ்சிலிருந்து சரிந்து சிமெண்டுத் தரையில் விழுந்தாள். சாத்துவதற்குக் கதவு இல்லை. என் கை தானாக அவள் இடுப்புக்குப் போனது. வெறும் இடுப்பு. உடம்பு வில்லாக வளைந்து உதறியது. உதடு நீலமாகியது. புத்தகத்தின் கடைசி வரி என் காதுக்குள் கேட்டது. இதோ, ஏரி இல்லாமலே போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் என் தொண்டை திறந்தது.

"இரும்பு! யாராச்சும் இரும்பு குடுங்க! எம் மகளுக்குக் காக்கா வலிப்பு! பெசி! பெசி!"

மலாயிலும் சேர்த்துக் கத்தினேன். நிலையமே திரும்பியது. முதலில் ஓடிவந்தது கண்டக்டர், கையிலிருந்த டிக்கெட் கிள்ளுகிற கருவியை நீட்டினார். மீன் பையைக் கீழே போட்டுவிட்டுக் காளியம்மா தன் வீட்டுச் சாவியைக் கொண்டுவந்தாள். எதற்கு என்று புரியாமலே ஒரு மலாய்க்காரர் தன் லாரிச் சாவியைத் திலகத்தின் கையில் வைத்தார், அவள் விரல்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. மீ நூடுல்ஸ் பிரட்டுகிற சீனக் கிழவி எண்ணெய் சொட்டச் சொட்டச் சட்டுவத்தோடு வந்து நின்றாள்.

சின்னக்கருப்பன் முழங்காலிட்டு, "ஒருபக்கமா சாய்க்கணும்னு ஆஸ்பத்திரில சொல்லுவாங்க. வாயில எதையும் திணிக்காதீங்க" என்றார். அவரே அவளைச் சாய்த்துப் பிடித்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார்.

"சின்னப் பிள்ளையிலேருந்து எனக்கு இருக்கு தாயி. ஆனா இப்பதான் கண்ணால பாக்குறேன்" என்றார். "இப்படியா இருக்கும்? எம் பொண்டாட்டி இத்தன வருசமா இதையா பாத்துக்கிட்டு இருந்தா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருவரும் ஆளுக்கொரு பக்கமாக அவளைப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

உதறல் மெல்ல மெல்ல அடங்கியது. உதட்டில் நிறம் வந்தது. தலையை என் மடியில் எடுத்து வைத்து வாயைத் துடைத்தேன். சுற்றிலும் கால்கள். ரிங்லெட் பஸ் நேரம் கடந்தும் கிளம்பாமல் நின்றது, கண்டக்டர் இங்கே அல்லவா இருக்கிறார். லாரிக்காரர் பக்கத்தில் குந்தியிருந்தார்.

திலகம் கண்ணைத் திறந்தாள். என்னைத் தேடினாள்.

"யாராச்சும் பாத்தாங்களாம்மா?"

எட்டு வருஷமாகச் சொன்ன பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், அவளுக்கு இன்னும் பார்வை தெளியவில்லை.

"எல்லாரும் பாத்தாங்கடி" என்றேன்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் காதுக்குக் குனிந்தேன்.

"எல்லாரும் பாத்தாங்க. ஒருத்தரும் போகல."

அவள் கண்ணைத் திறந்தாள். பிறகு மூடியிருந்த தன் கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். "இது நம்ம சாவி இல்லையே. யாரோடது?"

மலாய்க்காரர் லேசாகக் கையை உயர்த்தினார். "லாரி சாயா, அடிக். பெலான்-பெலான், தாபாபா" என்றார். என் லாரிச் சாவி தங்கச்சி, அவசரமில்லை, மெதுவாகக் கொடு என்று அர்த்தம்.

திலகம் ஒவ்வொரு விரலாகத் திறந்தாள்.