நீல மத்தியானங்கள்

மத்தியானம் நீலமாக வரும்.

பனி நீலம். கடல் நீலம். கடலோரத்து மரவீடுகளின் கூரைகளும் நீலம். வெயில் இல்லை, வெயிலின் ஞாபகம் போல ஒரு வெளிச்சம். உலையில் அரிசி போட்டுச் சோறு வடிக்கிற நேரம்தான் நிற்கும். பிறகு இருட்டு.

நோர்வேயின் வடகோடி அது. கார்த்திகை முடிவில் போகிற சூரியன் தை பிற்பாதியில்தான் திரும்பும். இடைப்பட்டதை அந்த ஊர்ச் சனம் இருட்டுக் காலம் என்று சொல்லும்.

தவபாலனும் நகுலேஸ்வரியும் எத்தனையோ இருட்டுக் காலங்களைக் கண்டவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் வந்து, துறைமுகத்து மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்து, மகளை ஒஸ்லோவில் படிக்க விட்டவர்கள். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பினார்கள். நடுவில் நீலம் ஒன்று வந்து போவதை நின்று பார்த்ததில்லை.

அந்த வருசத்து இருட்டு வேறு. கொரோனாவின் இருட்டு.

தவபாலன் சமையலில் பேர்போன ஆள். அந்த ஊரில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் பொங்கல் என்றாலும் பிறந்தநாள் என்றாலும் பெரிய சட்டியில் ஆட்டிறைச்சி காய்ச்சுவது அவன்தான். மூடியைத் திறந்து மணந்து பார்த்தே உப்புக் குறைவு என்பான். சரியாக இருக்கும்.

புரட்டாதிக் கடைசியில் அவனுக்குத் தொற்று வந்தது. மூச்சு முட்டியது. ஹெலிகொப்டரில் தூரத்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நகுலேஸ்வரியைக் கூடவர விடவில்லை.

கார்த்திகை பிறந்தபோது அவன் வீடு திரும்பினான். மணமும் ருசியும் அவனோடு திரும்பவில்லை. குழம்பு வெந்நீராக இருந்தது. சோறு பஞ்சாக இருந்தது. வாசல்படி ஏறினால் நெஞ்சு விசில் அடித்தது.

யன்னலோரக் கதிரையில் இருந்தான். இருந்தபடியே இருந்தான். மகள் தொலைபேசியில் வந்தால் எதைக் கேட்டாலும் ஓம், ஓம் என்பான். போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னான். அடுப்படியில் நின்ற நகுலேஸ்வரிக்குக் கேட்டது. அவள் தண்ணீர்க் குழாயை நீண்ட நேரம் திறந்துவிட்டிருந்தாள்.

தொழிற்சாலையிலும் தொற்று வந்து பூட்டிவிட்டார்கள். அவளுக்கு வேலை இல்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து முதல் முறையாக இருவரும் பகல் முழுவதும் ஒரே வீட்டில். பகல் என்று ஒன்று இருந்தால்.

அவள் நடக்கப் போகத் தொடங்கினாள்.

நீலம் வரும்போது புறப்படுவாள். நீலம் போகும்போது திரும்புவாள். முதல் நாள் அவனையும் கூப்பிட்டாள். அவன் தலையாட்டி மறுத்தான். "சரி, நான் பார்த்துக்கொண்டு வந்து சொல்லுறன்" என்று காலில் சப்பாத்தைக் கட்டினாள்.

வந்து சொன்னாள். துறைமுகத்தில் வாத்து ஒன்று தண்ணீர் என்று நினைத்துப் பனிக்கட்டியில் இறங்கி, வழுக்கிக்கொண்டே போய், ஒன்றும் நடக்காதது மாதிரி எழும்பி நடந்ததாம். சந்தை முதலாளிமாருடைய நடையாம் அது. இடுப்பில் கை வைத்து நடந்து காட்டினாள். அவன் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளும் போனாள். மறுநாளும் சொன்னாள். நத்தார்ப் பண்டிகைக்கென்று வீடுகளின் யன்னல்களில் காகித நட்சத்திர விளக்குத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கலைமான் ஒன்று ஊருக்குள் வந்து தபால் கந்தோர் வாசலில் வரிசையில் நிற்கிற மாதிரி நிற்கிறது. பனி காலடியில் நொறுங்குகிற சத்தம் ஒவ்வொரு நாளும் வேறு வேறு. இன்றைய சத்தம் வறுத்த கச்சான் கடலை கடிக்கிற சத்தம்.

அப்பளம் பொரித்துக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். "எனக்குத்தான் ருசி தெரியாதே" என்றான்.

"ருசி இல்லாட்டி என்ன, சத்தம் இருக்குதுதானே. சத்தத்தைச் சாப்பிடுங்கோ."

அவன் கடித்தான். சத்தம் இருந்தது. இன்னொன்று எடுத்தான்.

பிறகு ஒருநாள் அவன் இடுப்பில் கட்டுகிற சாரத்தைத் தோய்த்து வெளியே கொடியில் போட்டாள். குளிரில் அது பலகை போல விறைத்துப் போனது. அதை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிவந்து, அவன் முன்னால் நிலத்தில் நிறுத்தினாள். ஆள் இல்லாத சாரம் தானாக நின்றது.

"இஞ்சேருங்கோ, உங்களை விட இவர் பரவாயில்லை. எழும்பி நிக்கிறார்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியதும் திரும்பவும் சிரித்தான். வீட்டுச் சூட்டில் சாரம் இடுப்பு மடிந்து, முழங்கால் மடிந்து, மெதுவாக நிலத்தில் குந்தியது. இருவரும் அது குந்தி முடிக்கும் வரை பார்த்தார்கள்.

அதன் பிறகு அவன் காத்திருக்கத் தொடங்கினான். அவனுக்கே தெரியாமல். நீலம் வெளிறத் தொடங்கினால் காது வாசலுக்குப் போகும். சப்பாத்திலிருந்து பனியைத் தட்டுகிற சத்தத்துக்காக.

இவளுக்கு அது பிறவிக் குணம் என்று நினைத்தான். சிலருக்குக் கை ராசி மாதிரி, இவளுக்குக் கண் ராசி. போனால் ஏதாவது அகப்படும். அப்படித்தான் நினைத்திருந்தான்.

மார்கழி நடுவில் ஒரு நாள், நீலம் போய்விட்டது. அவள் வரவில்லை.

கொஞ்சம் பொறுத்தான். தெருவிளக்குகள் மஞ்சளாகின. அழைத்துப் பார்த்தான். தொலைபேசி அடுப்படியில் அடித்தது. பனியில் வழுக்கி விழுந்து கிடக்கிறாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போகவில்லை.

சப்பாத்துப் போடவே அவனுக்குக் களைத்தது. குளிர் நெஞ்சில் கத்தி மாதிரி இறங்கியது. மதிலைப் பிடித்தான், விளக்குக் கம்பத்தைப் பிடித்தான், நின்றான், நடந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் தெருவில் கால் வைத்தது அன்றுதான்.

துறைமுகத்தில், பூட்டிக்கிடந்த வள்ளக் கொட்டிலின் பின்னால் அவளைக் கண்டான்.

சுவரைப் பார்த்தபடி நின்றாள். கழுத்துத் துணியின் நுனியை வாயில் அடைத்திருந்தாள். தோள் குலுங்கிக் குலுங்கி அடங்கியது. அழுகிறாள். இத்தனை வருசத்தில் அவன் பார்த்திராத அழுகை.

கூப்பிட வாய் எடுத்தவன் நின்றுவிட்டான். அவள் அழுது முடித்துவிட்டாள். முகத்தைத் துடைத்தாள். பிறகு காதுத் தோட்டைத் தொலைத்தவள் தேடுகிற மாதிரி சுற்றிவரத் தேடத் தொடங்கினாள். தண்ணீரைப் பார்த்தாள். கட்டிக்கிடந்த வள்ளங்களைப் பார்த்தாள். விளக்கடிக்குப் போனாள், திரும்பி வந்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. மறுபடி போனாள். திடீரென்று குந்தியிருந்து பனியைப் பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல மாறியது.

அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. வாத்தும் நட்சத்திர விளக்கும் கச்சான் சத்தமும் அவளுக்கு வழியில் கிடந்தவை அல்ல. அந்தக் குளிரில், அந்த இருட்டில், ஈரக் கண்ணோடு தேடி எடுத்தவை.

அவள் நிமிர்ந்தபோது அவனைக் கண்டாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறியள்?"

"இப்பத்தான் வந்தனான்."

"பொய்."

"கொஞ்ச நேரமா." மூச்சு வாங்க நிறுத்தினான். "ஏன் நகுலா, தனிய வந்து அழுறீர்?"

"நீங்கள் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க அழப் பயமா இருந்தது. அழுதால் ஏதும் நடந்திடும் எண்டு. இப்ப பயமில்லை. அதுதான் அழுறன்."

"வீட்டில அழுதிருக்கலாமே."

"வீட்டில நீங்கள் இருக்கிறியள்."

 அலை கொட்டிலின் காலில் மோதித் திரும்பியது. அவன் தன் கையுறையைக் கழற்றி அவள் கன்னத்தைத் தொட்டான். கண்ணீர் உறைந்து சொரசொரத்தது.

"இண்டைக்கு என்ன கண்டனீர்?" என்று கேட்டான்.

அவள் அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாள். விளக்கு வெளிச்சத்தில், பனியில், ஒரு பறவை நடந்த அடிகள். சின்னச் சின்ன முட்கள் மாதிரி வரிசையாக வந்தன. வந்து ஓரிடத்தில் முடிந்தன. முடிந்த இடத்தின் இரண்டு பக்கமும் சிறகு பனியை விசிறிய கோடுகள். அவ்வளவுதான். அதற்கு மேல் அடி இல்லை.

"பறந்திட்டுது" என்றான்.

"ஓம். இண்டைக்குக் கிடைக்கத்தான் கொஞ்சம் சுணங்கிட்டுது."

மறுநாள் அவனும் சப்பாத்துப் போட்டான். முதல் நாள் தபால் கந்தோர் வரை. பிறகு சந்தி வரை. பிறகு துறைமுகம் வரை. அவள் அவனுடைய மூச்சின் அளவுக்கு நடந்தாள். சில நாள் ஒன்றும் அகப்படாது. அப்படியே திரும்பி வந்து தேத்தண்ணி குடிப்பார்கள். சில நாள் வழியில் நின்று அவள் அழுவாள். அவன் பக்கத்தில் நிற்பான். நீலத்தில் இரண்டு நீல ஆட்கள்.

மணம் திரும்பவில்லை. அது எப்போது வரும் என்று டொக்டருக்கும் தெரியவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்ற சொல்லை அவன் பிறகு சொல்லவில்லை.

தை பிற்பாதி. சூரியன் வரவேண்டிய நாளில் முகில் மூடிவிட்டது. அடுத்த நாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஊரே மேட்டுக்கு ஏறியது. வாயை மூடிக் கட்டி, தள்ளித் தள்ளி நின்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கையில் சூரியனுக்கென்று சுட்ட இனிப்புப் பணிஸ்.

தெற்கு மலைகளின் இடுக்கில் ஒரு சிவப்பு. பிறகு ஒரு விளிம்பு. பிறகு பனியெல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது.

எல்லாரும் மலையைப் பார்த்தார்கள். தவபாலன் நகுலேஸ்வரியைப் பார்த்தான். வெளிச்சம் அவளுடைய நெற்றியில் இருந்தது, இமையில் உறைந்த துளியில் இருந்தது, அந்த மாரிக் குளிருக்குள் நரைத்துப்போன முடியில் இருந்தது. இப்படி ஒருத்தியோடா இவ்வளவு காலம் இருந்தேன் என்று நினைத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"நகுலா, கண்ணைத் திறவும். போயிடப்போகுது."

"மூடினாலும் தெரியுது. நீங்களும் மூடிப் பாருங்கோ."

அவன் மூடினான்.

சிவப்பு. உள்ளெல்லாம் சிவப்பு. இளஞ்சூட்டுச் சிவப்பு.