கொன்னுடுவேன்

பிழைக்க வந்த நாட்டில் விடுதித் துணிகளுக்கு இஸ்திரி போடும் அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அப்படியில்லை, மகள் மேல் ஒரு நாளும் பட்டதில்லை. பால் குடிக்காவிட்டால் கொன்னுடுவேன், தலை பின்னும்போது ஆடினால் தோலை உரிச்சுடுவேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் அந்த வாலு இதைக் கேட்ட பிறகுதான் சிரித்துக்கொண்டே பாலைக் குடிப்பாள்.

வினை வகுப்பறையில் வந்தது. "வீட்டில் அம்மா உன்னிடம் அடிக்கடி என்ன சொல்வார்?" என்று ஆசிரியை பள்ளிப் பாஷையில் கேட்டிருக்கிறார். மகள் கெட்டிக்காரி, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துவிட்டாள். சிரிப்பை மொழிபெயர்க்க அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மறுநாளே பள்ளியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தவளை, மகளோடு ஓர் அறையில் உட்காரவைத்தார் குழந்தைகள் நல அலுவலர். நல்ல மனிதர்தான், குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். விசாரணை முடியும்வரை பிள்ளை வேறு வீட்டில் இருக்க நேரலாம் என்பதையும் அதே இதமான குரலில்தான் சொன்னார். அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தப் பாஷை அவளுக்குக் காதில் ஏறும், நாக்கில் ஏறாது.

"நீயே சொல்லுடி. அது செல்லமா சொல்றதுன்னு சொல்லு."

மகள் விழித்தாள். "கொஞ்சறதுக்கு வார்த்தை இருக்கும்மா. திட்டிக் கொஞ்சறதுக்கு இவங்க பாஷையில என்ன?"

அது தெரிந்தால் அவள் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கப் போகிறாள்?

அலுவலர் காத்திருந்தார். மகள் தாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு பள்ளிப் பாஷையில் மடமடவென்று சொன்னாள்: "என் அம்மா பேசுவதற்கு அர்த்தமே கிடையாது. வாய்க்கு வந்ததைச் சொல்வார். நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன்."

ஒவ்வொரு சொல்லும் தாய்க்குப் புரிந்தது. பெற்ற நாளிலிருந்து இந்தப் பிள்ளையோடு பேசிய அத்தனை பேச்சும் அதில் அடக்கம் என்பதும் புரிந்தது.

"உண்மைதானா?" என்றார் அலுவலர். "நீங்களே சொல்ல வேண்டும்."

அந்தப் பாஷையில் முழுதாக ஒரு வாக்கியம் அவள் அதுவரை பேசியதில்லை. மகளின் சொற்களையே ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

"நான் பேசுவதற்கு அர்த்தம் கிடையாது."

அலுவலரின் முகம் தெளிந்தது. பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்.

வெளியே வந்ததும் மகள் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒரு தப்புகூட இல்லாம பேசிட்டம்மா" என்றாள்.