சோதனைக்கு மட்டும்

அந்த வரி அவர் கண்ணில் பட்டபோது காலை பதினொன்றரை மணி. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பழைய சர்வர்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருடங்களாக அங்கே வேலை பார்க்கும் பொறியாளர், புதியதற்கு எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று பழைய புரோகிராமைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சர்வர் எழுந்ததும் முதலில் ஓடும் பகுதியில் அது இருந்தது: ஒவ்வொரு முறையும் புதிய ரகசியச் சாவி உருவாக்கு. பக்கத்தில் ஒரு குறிப்பு. 'சோதனைக்கு மட்டும். பிறகு மாற்ற வேண்டும்.' அதன் கீழே அவருடைய பெயரின் முதல் எழுத்துகள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். வரி அசையவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மதியம், இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, அந்த சர்வரின் மெமரி நிரம்பித் திரைகள் தடுமாறத் தொடங்கின. அப்போது பணியில் இருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவன் வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்தான். 'எப்போது வேண்டுமானாலும் ரீஸ்டார்ட் செய்யலாம். வண்டிகள் இரண்டு நொடியில் தாமாகச் சேர்ந்துகொள்ளும்' என்று அதில் இருந்தது. எழுதியவர் அவர். தம்பி ரீஸ்டார்ட் செய்தான். நாற்பது நொடியில் சர்வர் எழுந்துவிட்டது. வண்டிகள் அதோடு சேரவில்லை.

பதினேழு ஆம்புலன்ஸ்களின் திரைகளும் ஆறு நிமிடம் உறைந்து நின்றன. அறையில் இருந்தவர்கள் ஒவ்வொரு டிரைவரையும் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவே ஒரு அழைப்பு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் குளியலறையில் விழுந்துகிடக்கிறார், வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு ஆம்புலன்ஸ் சும்மா நின்றுகொண்டிருந்தது. அது யார் திரையிலும் தெரியவில்லை. போனில் கிடைத்த வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. கண்டக்டர் பிழைத்தார், பேச்சு மட்டும் திரும்பவில்லை. தாமதம்தான் காரணமா என்று கேட்டதற்கு, அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

இரண்டு நாளில் அறிக்கை கேட்டார்கள். 'பணி நெரிசல் மிகுந்த நேரத்தில், மேலதிகாரியிடம் கேட்காமல் ரீஸ்டார்ட் செய்ததே காரணம்' என்று பொறியாளர் எழுதினார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பதினேழு வண்டிகளின் பதிவுகளிலும் ஒரே வாசகம் இருந்தது: சர்வரின் முறிப்புச் செய்தி நிராகரிக்கப்பட்டது. அதை அவர் படித்தார். குழப்பத்தில் வந்திருக்கும் என்று விட்டுவிட்டார். வழிகாட்டியிலிருந்து அந்த இரண்டு நொடி வாக்கியத்தை எடுத்ததும் அதே வாரத்தில்தான்.

மைத்துனன் வேலையை விட்டான். சொந்தக்காரர்கள் அவனுக்கு 'ரீஸ்டார்ட்' என்று பெயர் வைத்தார்கள். கல்யாண வீட்டில் கரண்ட் போனால்கூட, இவன் கை பட்டிருக்கும் என்று சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஒருநாள் வாசலில் வந்து நின்றவனிடம், "உன் அவசரத்துல ஒரு மனுஷனோட பேச்சே போச்சு. என் மூஞ்சியில முழிக்காதே" என்றாள். அதன் பிறகு அவன் அந்தப் படி ஏறவில்லை.

பொறியாளர் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சோதனை அறைக்குப் போனார். வண்டிகளில் வைக்கும் டேப்லெட் இரண்டை எடுத்துச் சோதனை சர்வரோடு இணைத்தார். முதல் அறிமுகத்திலேயே சர்வர் ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் ஒரு ரகசிய அடையாளம் கொடுத்துவிடும். அதைச் சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. இணைப்பின் எண்ணையும் தன்னிடம் இருக்கும் சாவியையும் வைத்து, கேட்கும்போதெல்லாம் அதே அடையாளத்தைக் கணக்கிட்டுவிடலாம். ரீஸ்டார்ட் ஆகி எல்லாம் மறந்து எழுந்தாலும், 'உன்னை எனக்கு நினைவில்லை, புதிதாகத் தொடங்கு' என்று ஒரு முறிப்புச் செய்தியை அந்த அடையாளத்தோடு சேர்த்து அனுப்பும். அடையாளம் பொருந்தினால்தான் டேப்லெட் நம்பும். பொருந்தாவிட்டால், வழியில் எவனோ விஷமம் செய்கிறான் என்று ஒதுக்கிவிட்டுக் காத்திருக்கும். அப்படி இல்லாவிட்டால் எந்தப் போக்கிரியும் ஆம்புலன்ஸின் இணைப்பை அறுத்துவிடலாம். ஏற்பாடு முழுவதும் சாவி மாறாமல் இருப்பதை நம்பி நிற்கிறது. அவருடைய வரியோ ஒவ்வொரு முறையும் சாவியை மாற்றிக்கொண்டிருந்தது.

ரீஸ்டார்ட் செய்தார். சர்வர் உண்மையைத்தான் சொன்னது. டேப்லெட்டுகள் இரண்டும் அதைப் பொய் என்று தள்ளிவிட்டு அசையாமல் நின்றன. சுரங்கப்பாதையில் இணைப்பு அறுந்துபோகக் கூடாது என்று காத்திருப்பு நேரத்தை ஆறு நிமிடமாக ஏற்றியவரும் அவர்தான். ஆறு நிமிடமும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு சாவியை நிலையாக வைத்து மறுபடி ரீஸ்டார்ட் செய்தார். சர்வர் எழுந்து ஒரு நொடிதான், இரண்டு டேப்லெட்டுகளும் வந்து சேர்ந்துகொண்டன.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மைத்துனன் வேலை செய்யும் கடைக்குப் போனார். வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடை. கழற்றிய டிரம் ஒன்றுக்குள் தலையை விட்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

"மாமா, அந்த ஸ்டூல்ல ஸ்குரூ கிடக்கு, பாத்து உக்காருங்க. பேன்ட் கிழிஞ்சா அதுக்கும் அக்கா என்னைத்தான் சொல்லுவா."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், அச்செடுத்து வந்த தாளையும் கொடுத்தார். அவன் கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கி இரண்டு முறை படித்தான். படித்து முடித்த பிறகும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நொடின்னு படிச்ச ஞாபகம் எனக்கு நல்லா இருந்துச்சு மாமா. விசாரணைக்கு முன்னாடி வழிகாட்டியைத் திரும்ப எடுத்துப் பாத்தேன். அப்படி ஒரு வரியே இல்ல. சரி, பதட்டத்துல நானா கற்பனை பண்ணிக்கிட்டேன்னு நெனச்சேன். எழுதினது நீங்களாச்சே, உங்களுக்குத் தெரியாதா."

நாளைக்கே திருத்த அறிக்கை அனுப்பிவிடுவதாகவும், முதல் அறிக்கை யார் யாருக்குப் போனதோ அத்தனை பேருக்கும் அது போகும் என்றும் அவர் சொன்னார். அவன் தலையாட்டினான். மறுபடி வேலைக்குக் கூப்பிட்டால் வருவாயா என்று கேட்டபோது தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல. முதல்ல உன்கிட்ட."

"சொல்லுங்க. ஆனா அவளை இங்க அனுப்பாதீங்க. எனக்கு என்ன பேசறதுன்னு தெரியாது."

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லச் சொல்ல மடித்துக்கொண்டே இருந்தாள். வழிகாட்டியைப் பற்றிச் சொன்னபோதுதான் கை நின்றது.

"அந்த வரியை எப்ப எடுத்தீங்க?"

"அதே வாரம்."

"அறிக்கைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"முன்னாடி" என்றார்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. சரியாக வேலை செய்யாத வாக்கியம் ஒன்று புத்தகத்தில் இருக்கக் கூடாது என்று அன்றைக்குத் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து கைப்பையை எடுத்தாள். தம்பி வர வேண்டாம் என்று சொன்னதை அவர் ஞாபகப்படுத்தினார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்ததும், "வைங்க அதை" என்றாள்.

பஸ்ஸில் போய்விட்டு ஆறு மணிக்குத் திரும்பினாள். முகம் கழுவிவிட்டு வந்து, அவர் கேட்காமலே சொன்னாள்.

"சண்டை போடுவான்னு நெனச்சுப் போனேன். நாற்காலியைத் துடைச்சுப் போட்டான். டீ வாங்கிட்டு வந்தான். பசங்க நல்லா படிக்கிறாங்களான்னு கேட்டான். நம்ம மெஷின் சத்தமில்லாம ஓடுதான்னு கேட்டான். நான் அழுதா, பரவாயில்ல பரவாயில்லன்றான், கடைக்கு வந்தவங்ககிட்ட சொல்ற மாதிரி."

"கொஞ்ச நாள் போனா..."

"திட்டியிருந்தான்னா இன்னும் நம்ம பையன்தான்னு தோணியிருக்கும்."

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. திருத்த அறிக்கை முக்கால்வாசி முடிந்திருந்தது. சாவியைப் பற்றி, ஆறு நிமிடத்தைப் பற்றி, ரீஸ்டார்ட் செய்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதைப் பற்றி எழுதியிருந்தார். அவள் பின்னால் நின்று கடைசிப் பத்தியைப் படித்தாள். 'வழிகாட்டியில் இருந்த தவறான வாக்கியம் பின்னர் நீக்கப்பட்டது' என்று இருந்தது.

"பின்னர் இல்ல" என்றாள்.

அவர் அந்த வாக்கியத்தை அழித்தார். யார் நீக்கியது என்பதை முதலில் எழுதினார். பிறகு பழைய பதிவுகளில் தேடிக் கண்டுபிடித்து, தேதியையும் நேரத்தையும் போட்டார்.