பட்டுமுகத்தானுக்கு மச்சம் வந்த கதை

என் மனைவிக்கு முட்டிவலி. மொட்டைமாடியில் உலரும் துணியை எடுக்கப் பதினான்கு படி ஏற வேண்டும் என்பதால், ஆறு வருஷமாக அந்த வேலை எழுபத்தெட்டு வயதான என் தலையில் விழுந்திருக்கிறது. இப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தியேட்டர் பால்கனிக்குப் போகும் முப்பத்திரண்டு படியையும் ஏழு நாள் தொடர்ந்து ஏறப்போவதாக அறிவித்தாள்.

"பட்டுமுகத்தான் படம் போடுறாங்களாம். ஏழு நாள், ஏழு படம். அவருக்கு இந்த வருஷத்தோட நூறு."

"அந்தாளு செத்தே முப்பது வருஷம் ஆச்சு. எப்படி நூறு ஆகும்?"

"சிலருக்குச் செத்தாலும் வயசு ஏறும். சிலருக்கு உசிரோட இருந்தும் ஏறாது" என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பட்டுமுகத்தான் என்பது ரசிகர்கள் வைத்த பெயர். கப்பல் தலைவனாக, வக்கீலாக, பார்வையில்லாத பாடகனாக, ஒரே மாதிரி இருக்கும் அண்ணன் தம்பியாக என்று நாற்பத்து மூன்று படங்களில் கதாநாயகன். சுமாரான ஆள் மேல் பொறாமைப்படுவதில் ஒரு நிம்மதி உண்டு. இந்த மனிதர் நிஜமாகவே நன்றாக நடித்துத் தொலைத்தார். கப்பல் படத்தில், மகன் கடலோடு போன செய்தி வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. தண்ணீர் தொண்டையில் இறங்குவது மட்டும் தெரியும். மொத்தத் தியேட்டரும் விம்மும். அதே தண்ணீரை நான் வீட்டில் குடித்தால், "மாடு மாதிரி சத்தம் போடாம குடிங்க" என்பாள்.

அவர் படம் எங்கள் துணி அலமாரியின் உள்கதவில் ஒட்டப்பட்டிருந்தது. பூச்சி வராமல் இருக்கவாம். எங்கள் மகள் பிறந்த அன்று, குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூக்கு அப்படியே பட்டுமுகத்தான்" என்றாள். அவர் எங்கள் ஊருக்கு ஒருமுறைகூட வந்ததில்லை என்பதை நான் இரண்டு இடங்களில் விசாரித்து உறுதி செய்துகொண்டேன்.

இதில் பெரிய கொடுமை, அந்த முகத்தை இருபதடி உயரத்துக்கு வரைந்து தியேட்டர் வாசலில் மாட்டியவனே நான்தான். பேனர் வரைவது என் தொழில். கம்பெனியிலிருந்து உள்ளங்கை அளவு போட்டோ வரும். அதன் மேல் பென்சிலால் சின்னச் சின்னக் கட்டம் போட வேண்டும். பேனர் துணியில் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரு கண்ணுக்கு மட்டும் ஒன்பது கட்டம். கட்டிய பெண்டாட்டி ஆசைப்படுகிற கண்ணை ஒன்பது கட்டமாகப் பிரித்து ஒருவன் வரைகிறான் என்றால், அவனுக்குச் சொர்க்கத்தில் தனி பெஞ்சு போட வேண்டும்.

நானும் சும்மா இருக்கவில்லை. கல்யாணமான நான்காம் மாதம், வக்கீல் படத்தின் பேனரில், அவருடைய இடது கன்னத்தில் அரையடி அகலத்துக்கு ஒரு மச்சம் வைத்தேன். போட்டோவில் மச்சம் கிடையாது. பிறந்ததிலிருந்தே அவருக்கு மச்சம் கிடையாது. அசிங்கமாக இருக்கட்டும் என்றுதான் வைத்தேன். கூட்டம் பேனரை அண்ணாந்து பார்த்து, "மச்சத்தைப் பார்றா!" என்று விசிலடித்தது. செய்தி அவர் காதுக்குப் போயிருக்கிறது. அடுத்த படத்தில் மனிதர் இடது கன்னத்தில் மச்சத்தோடு வந்து நின்றார்.

விடுவேனா? அடுத்த பேனரில் மச்சத்தை வலது கன்னத்துக்கு மாற்றினேன். அதற்கடுத்த படத்தில் அவரும் மாற்றினார். இப்படியே பதினெட்டு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே மல்லுக்கு நின்றோம். சோகப் படம் என்றால் இடது, சிரிப்புப் படம் என்றால் வலது, இது அவருடைய ஆழ்ந்த நடிப்புக் கொள்கை என்று ஒரு பேராசிரியர் முந்நூறு பக்கத்தில் புத்தகம் போட்டிருக்கிறார். உண்மையைச் சொல்லி அவருக்குக் கடிதம் எழுதினேன். அச்சுப்பிழை கண்டுபிடித்ததற்கு நன்றி என்று பதில் வந்தது.

இதைத் தவிர எனக்கு இன்னொரு ஆயுதமும் இருந்தது. வில்லன். கதாநாயகனை மட்டம் தட்ட வேண்டும் என்றால் பக்கத்தில் நிற்பவனைத் தூக்கிவிட வேண்டும். அவர் படங்களில் எப்போதும் ஒரே வில்லன்தான். பாவம், அந்த ஆளின் போட்டோவைக் கம்பெனி ஒழுங்காக அனுப்பியதே இல்லை. தபால்தலை அளவில் ஒன்று வரும். அதிலும் தொப்பியின் நிழல் விழுந்து, மூக்குக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஆகவே பட்டறைத் தூணில் ஒரு கண்ணாடியை ஆணியடித்து மாட்டி, என் தாடையைப் பார்த்து வரைந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை; அந்தத் தாடை ஆயுதமானது பிறகுதான். கல்லில் கொத்தியது போல் தாடை. அந்தக் கட்டம் போட்ட தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, எல்லாப் படத்துக்கும் அதையே மாட்டினேன்.

நூறாவது வருஷக் கொண்டாட்டத்துக்கும் கையால் வரைந்த பேனர்தான் வேண்டும் என்று தியேட்டர் முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். முதல் முதலாளியின் பேரன். காதில் எப்போதும் எதையோ செருகியிருப்பார்.

"பெரியவரே, நாற்பதடி அகலம். இந்தப் பக்கம் பட்டுமுகத்தான், அந்தப் பக்கம் வில்லன். உங்களால முடியுமா?"

"முடியாதுங்க" என்றேன்.

"முடியும் முடியும். அவருக்காகன்னா செய்வாரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் இருந்த குழைவை நான் ஐம்பத்தொரு வருஷ இல்லறத்தில் கேட்டதில்லை. சரி, கடைசியாக ஒரு கை பார்த்துவிடுவோம் என்று ஒப்புக்கொண்டேன்.

பட்டறையில் பதினாறு நாள் வேலை. பட்டுமுகத்தானைக் கடனே என்று வரைந்தேன். காதை ஒரு கட்டம் பெரிதாக்கினேன், கழுத்தை ஒரு கட்டம் குறைத்தேன். வில்லனுக்கு வந்தபோது கண்ணாடியை எட்டிப் பார்த்தேன். அதில் தாடை என்று ஒன்றும் இல்லை. இரண்டாக மடித்த ஈரத்துண்டு ஒன்று தொங்கியது. பழைய தாளைத் தேடி எடுத்து, அந்த இருபத்தாறு வயதுத் தாடையையே ஐந்தடிக்கு ஏற்றினேன். நல்ல ரோஸ், ஓரத்தில் பச்சை, கீழே கருநீல நிழல். பேனரை ஏற்றியதும் தெருவைத் தாண்டி நின்று பார்த்தேன். வில்லனுக்கு முன்னால் பட்டுமுகத்தான் கணக்கெழுத வந்த ஆள் போல நின்றார். எனக்கு அன்று நல்ல பசி எடுத்தது.

முதல் நாள் மதியக் காட்சி. என் மனைவி புதுக் கண்ணாடி, புதுச் செருப்பு. முப்பத்திரண்டு படியையும் கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். வாசலில் டிக்கெட் கிழிப்பவர் அவளுடைய அண்ணன், எண்பத்திரண்டு வயது. வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்ல மூன்று முதலாளிகளுக்கும் தைரியம் வரவில்லை.

"என்ன மாப்ள, உள்ள வரலையா? அங்க அழுகைச் சத்தம் கேக்குது. தண்ணி குடிக்கிற சீன் போல."

"எனக்குத் தாகம் இல்ல மச்சான்."

"கல்யாணத்துக்கு முன்னாடி என் தங்கச்சி ஒரு படம் விட்டதில்ல, தெரியுமா? நான் கிழிக்கிற எடத்துல நிக்கிறதால அவளுக்கு டிக்கெட்டே கிடையாது. ஒரே படத்தை ஒன்பது தடவ பாத்திருக்கா."

"அதை எதுக்கு இப்பச் சொல்றீங்க?"

"சும்மாதான் மாப்ள. மூஞ்சி மாறுதான்னு பாத்தேன்."

படம் விட்டது. அவள் கீழே வந்தாள். நேராகத் தெருவைக் கடந்து, எதிர்க்கடை வாசலில் நின்று பேனரை அண்ணாந்து பார்த்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கண் இமைக்கவில்லை. எனக்கு அடிவயிற்றில் டர்பன்டைன் ஊற்றியது போல் எரிந்தது. ஆனால் நாற்பது வருஷம் பேனர் வரைந்தவனுக்குப் பார்வை எங்கே விழுகிறது என்று கணக்குத் தெரியும். அவள் கழுத்து திரும்பியிருந்த பக்கம் பட்டுமுகத்தான் பக்கம் இல்லை. அடுத்த கோடி. வில்லன் பக்கம்.

வீடு வரும்வரை பொறுத்துக்கொண்டேன்.

"அங்க என்னத்தைப் பாத்துக்கிட்டு நின்ன?"

"அந்தத் தாடையைத்தான்" என்றாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "கல்யாணத்துக்கு முந்தின வருஷம் முதல் தடவ பாத்தேன். யாருடா இதுன்னு உள்ள ஓடிப் போனா, படத்துல வில்லனுக்கு அந்தத் தாடையே இல்ல. வழுக்கையா ஒரு மோவாய். சரி, அடுத்த சீன்ல வரும், அடுத்த படத்துல வரும்னு வந்து வந்து பாத்தேன். வரவே இல்ல."

"ஒன்பது தடவையா?"

"அண்ணன் சொல்லிட்டானா? பதினோரு தடவ."

அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. பதினெட்டு வருஷம் தப்பான ஆளின் கன்னத்தில் மச்சம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது போகட்டும். உண்மையான ஆள் யாரென்று தெரிந்தபோதுதான் நெஞ்சு எரிந்தது. பட்டுமுகத்தானாவது செத்துவிட்டார். இந்தப் பயல் தியேட்டர் வாசலில் ஐந்தடித் தாடையோடு, எல்லாப் பல்லோடும், முட்டிவலி இல்லாமல் நிற்கிறான். அவனுக்கு இன்னும் இருபத்தாறு வயது. என்னோடு எந்த வகையிலும் ஒத்துப்போகாதவன். என் தூரிகையாலேயே அவனை வளர்த்து, நானே ஏணி வைத்து ஏற்றியிருக்கிறேன்.

இரண்டாம் நாள், அவள் பால்கனியில் உட்கார்ந்த கையோடு நான் சாரத்தில் ஏறினேன்.

"மாப்ள, எங்க கிளம்பிட்டீங்க? விழுந்தா எனக்குத்தான் வேலை!" என்று மச்சான் கீழேயிருந்து கத்தினார்.

"கொஞ்சம் ரிப்பேர்!"

அவன் எதிரில் போய் நின்றேன். அருகில் பார்த்தால் தாடை தெரியாது. ரோஸும் பச்சையும்தான் தெரியும். ஆனாலும் அவன் என்னை ஏளனமாகப் பார்ப்பது தெரிந்தது. தூரிகையைச் சாம்பல் நிறப் பெயின்டில் தோய்த்து, கன்னத்திலிருந்து கழுத்துவரை ஒரு கோடு இழுத்தேன். அப்புறம் இன்னொன்று. வாய் ஓரத்தில் ஒரு பள்ளம். தாடையின் கல்லைக் கரைத்து, இரண்டாக மடித்துத் தொங்கவிட்டேன். முப்பது வருஷத்தை முக்கால் மணி நேரத்தில் ஏற்றினேன். இன்னும் இருபது ஏற்றலாம் என்று குழைத்துக்கொண்டிருந்தபோது இடைவேளை மணி அடித்தது. கூட்டம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது.

"டேய், வில்லன் நம்ம பெயின்டர் தாத்தா மாதிரியே இருக்காருடா!"

அவளும் வந்தாள். மேலே பார்த்தாள். தாடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருந்துச்சு? எதுக்குக் கெடுத்தீங்க?"

"அவன் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்று நான் சாரத்திலிருந்தே கத்தினேன். தெருவே கேட்டது.

"பட்டறைப் பக்கமா வந்தப்ப, கண்ணாடியில தாடையைத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டு ஒருத்தன் வரைஞ்சுக்கிட்டு இருந்தான். தெரிஞ்சுதான் கழுத்தை நீட்டினேன். இல்லைன்னா இந்த மூஞ்சிய யாரு கட்டுவா?"

கூட்டம் சிரித்தது. மச்சான் டிக்கெட்டைக் கிழிக்காமலேயே ஆளை உள்ளே விட்டார். எனக்கு ஒரு பக்கம் உச்சி குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே இன்னொரு சந்தேகம் குடைந்தது.

"அப்ப பட்டுமுகத்தான்? அலமாரிக் கதவு? மூக்கு? இந்த முப்பத்திரண்டு படி?"

"அவரு வேற" என்றாள், அதே குழைவோடு. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மணி அடிச்சிட்டான், நான் போறேன். நீங்க பாத்து இறங்குங்க."

போய்விட்டாள். முட்டியைப் பிடிக்காமல், இரண்டிரண்டு படியாக.

நான் இறங்கவில்லை. சாரத்தின் மேலேயே மெதுவாக நடந்து பேனரின் மறுகோடிக்குப் போனேன். பட்டுமுகத்தான் எனக்காகவே காத்திருந்தது போல் நின்றார். இனி ஒப்பனைக்காரரைக் கூப்பிட்டு என் வேலையை முறியடிக்க அவர் உயிரோடு இல்லை. கறுப்பை நன்றாகக் குழைத்து, அவருடைய மூக்கின் நுனியில், நடு மத்தியில், ஒரு அடி அகலத்துக்கு ஒரு மச்சம் வைத்துவிட்டு நிம்மதியாக இறங்கினேன்.

மூன்றாம் நாள் மதியம் தியேட்டர் வாசலில் முந்நூறு பேர் நின்றார்கள். பாதிப் பேருக்கு மூக்கு நுனியில் கறுப்புப் பொட்டு. முதலாளி, மச்சான், சோடா விற்பவர், எல்லாருக்கும். பேராசிரியர் கேமராவோடு வந்திருந்தார்.

வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த படத்தையும் கைக்கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தபடி, கண்மைச் சிமிழில் சுண்டுவிரலைத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்க, கை நடுங்குது" என்று மூக்கை நீட்டினாள். "வட்டமா வைங்க. இதெல்லாம் உங்களுக்குத்தான் நல்லா வரும்."