பன்னிரண்டு துளைகள்

தம்பியின் பழைய ஜீப்பில் பின்பக்க ஆக்சிலிலிருந்து ஆயில் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த வருஷத்தைச் சொல்லி இரண்டு முறை, கசிவை அடைக்கும் கேஸ்கட் வாங்கி வந்து சேற்றின்மேலேயே வைத்துப் பார்த்தான்; இரண்டுமே பொருந்தவில்லை. அடியில் அப்பியிருந்த சேற்றை மட்டும் யாரையும் தொடவிட மாட்டான். மலைப்பாதையில் வாங்கிய பதக்கமாம்!

தையற்கடை வைத்திருக்கும் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"பொறந்த வருஷத்தைக் கேட்டுக்கிட்டா நான் சட்டை தைக்கிறேன்? உடம்பை அளக்கணும்டா!"

கைகளை மடித்துவிட்டுக்கொண்டு அவளே வண்டிக்கு அடியில் நுழைந்தாள். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டச் சுரண்ட, ஆக்சிலின் நடுவில் புடைத்திருந்த பகுதியின் மூடி தெரிந்தது. அதன்மேல் காகிதத்தை அழுத்திப் பிடித்து, தையல் சாக்பீஸால் தேய்த்து, விளிம்பையும் போல்ட்டுகளையும் அச்செடுத்தாள். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு. தம்பி வாங்கிய கேஸ்கட்டில் பத்துத் துளைதான்.

அச்சைப் பார்த்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது இந்த ஜீப்போட ஆக்சிலே இல்லம்மா. முன்னாடி வச்சிருந்தவரு பெரிய வண்டியோடதைக் கழட்டி மாட்டியிருக்காரு."

அவர் எடுத்துக் கொடுத்த கேஸ்கட், பன்னிரண்டு துளையும் பிசகாமல் அச்சின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

அதை மாட்டிய மறுநாள் காலை, வண்டிக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை. தம்பி அசடு வழிந்தான்.

"பதக்கம் உனக்குத்தான்க்கா."

அக்கா தண்ணீர்க் குழாயை அவன் கையில் திணித்தாள்.

"அப்போ உன்னோடதை எல்லாம் கழுவிவிடு!"