மூக்கைப் பிடித்து வாங்கிய சாமான்

கிராணி சின்னையாவுக்கு உலகத்தில் பாதியைப் பார்த்தால் அருவருப்பு. மீதிப் பாதியை அவர் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பினாங்கு துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் வேலை; அங்கே போகும் வழியில் சூலியா தெருவைக் கடக்க வேண்டும். தெரு முனையிலேயே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தால், மறு முனையில்தான் எடுப்பார். மலாய்ச் சமையலுக்கான பெலாச்சான் கட்டி விற்கிற கடைப்பக்கம் வந்துவிட்டால் மூச்சையே நிறுத்திவிடுவார்.

இப்படிப்பட்ட மனுஷர்தான், கப்பலில் வந்திறங்கும் சைவர்களுக்காக ஒரு சிறு நூல் எழுதினார். 'பினாங்கு மலையில் பார்க்க வேண்டியவையும் உண்ண வேண்டிய இடங்களும்' என்று பெயர். பார்க்க வேண்டியவை பன்னிரண்டு பக்கம் வந்தன. மலை ரயில், தண்ணீர்மலைக் கோயில், சீனக் கோயிலின் ஆமைக் குளம். குளத்தில் பாசி நாறும் என்று ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார். உண்ண வேண்டிய இடங்கள் அரைப் பக்கத்தோடு முடிந்துவிட்டன. ஒரு கடையில் குவளை பிசுக்கு, ஒரு கடையில் பரிமாறுகிறவன் நகம் அழுக்கு, இன்னொன்றில் பன்றி வறுத்த புகை. தேறியது ஒன்றே ஒன்று.

அது மலையடிவாரத்தில், ஆயர் ஈத்தாமில், வடிவம்மாள் நடத்திய சோற்றுக் கடை. தஞ்சாவூர்ப் பக்கத்து விதவை. இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது; மலாயில் ஒரு வார்த்தை பேச வராது. ஆனால் அவள் வைக்கும் வத்தக்குழம்பு இருக்கிறதே, அதற்காகவே சின்னையா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜார்ஜ் டவுனிலிருந்து டிராம் ஏறி வருவார். 'பெருங்காயம்னா இது பெருங்காயம்' என்று விரலை நக்குவார். வேறு எவனாவது விரலை நக்கினால் அவருக்குக் குமட்டும். கடை வாசலில் ஒரு பலகையும் அவர் கையாலேயே எழுதி மாட்டியிருந்தார்: 'சுத்த சைவம். நம்பி உண்ணலாம். இப்படிக்கு, கிராணி சின்னையா.'

நூலுக்கு அணிந்துரை வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் தண்ணீர்மலையில் மூன்று நாள் புலால் மறுத்தலைப் பற்றிப் பேசி ஊரையே கண்கலங்க வைத்திருந்தார். அவர் நாலு வரி எழுதித் தந்தால் தைப்பூசத்துக்குள் நூல் அச்சேறிவிடும். சின்னையா என்றால் சுத்தம், சுத்தம் என்றால் சின்னையா என்று ஊர் சொல்லும். அந்தப் பெயருக்காக அவர் பத்து வருஷம் பசி கிடந்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கியாரை மலை ரயிலில் ஏற்றி, மேலே குளிரையும் துரைமார் பங்களாக்களையும் காட்டிக் கூட்டி வந்தார். இறங்கும்போது பிரசங்கியார் ஜன்னல் வழியே வெற்றிலைச் சாற்றைத் துப்ப, காற்று அதில் பாதியைச் சின்னையாவின் சட்டைக் கையில் சேர்த்தது. பெரியவர் ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

கடையில் பிரசங்கியாரை இலையில் உட்காரவைத்து, வடிவம்மாள் சோறும் குழம்பும் பரிமாறி முடித்ததும், அந்தக் கறையைக் கழுவக் கொல்லைப்புறம் போனார். அடுப்படியில் வடிவம்மாள் அடுத்த குழம்புக்காகக் கருத்த கட்டி ஒன்றைக் கரண்டியில் வைத்து நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தாள். வாட்டியதை அம்மியில் வைத்துத் தட்டினாள். சின்னையாவின் கை தானாக மூக்குக்குப் போயிற்று.

"என்னம்மா அது?"

"பெருங்காயம்தான் ஐயா. நீங்க மெச்சுவீங்களே, அதேதான்."

"எங்க வாங்கினே?"

"சீனன் கடையில. அவன் பாஷை எனக்கு வரல. மூக்கப் புடிச்சிக் காட்டி, நாறுமே, கொழம்புக்குப் போடுவாங்களேன்னு ஜாடை செஞ்சேன். சிரிச்சிக்கிட்டே இதை எடுத்துக் குடுத்தான். வாசனை கொஞ்சம் வேற மாதிரிதான், இந்த ஊருச் சரக்கு இப்படித்தான் போலன்னு நெனச்சிட்டேன். மொத நாள்லேருந்து இதான்."

"அடிப் பாவி, அது பெலாச்சான்! கூனி எறாலை அழுக வச்சு இடிச்சுக் காயப்போட்டது!"

வடிவம்மாள் கையிலிருந்த கரண்டி விழுந்தது. "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை முருகனுக்கு இதைத்தானே ஐயா படைச்சேன்" என்றாள்.

சின்னையாவுக்கு இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் மொத்தமும் தொண்டைவரை வந்து நின்றன. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "மெதுவாப் பேசு. வெளியில மூச்சு விடாதே. என் பேரு பலகையில இருக்கு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது என்னவென்று சின்னையாவுக்குத் தெரியும். மற்றவர்களை அவர் தினமும் பார்க்கிற பார்வைதான். அவள் நேரே இலைக்கு முன்னால் போய் நின்றாள். சின்னையாவும் பின்னாலேயே ஓடினார்.

"சாமி, கைய எடுத்துருங்க. தெரியாம எறால் கலந்துட்டேன். பாவம் எனக்கு."

பிரசங்கியார் கையை எடுக்கவில்லை. தெருப்பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"உஸ்! நான் நாகப்பட்டினத்தான். எறால் வாசனை எனக்குத் தெரியாதா? முதல் கவளத்துலயே தெரிஞ்சுபோச்சு. யாரு பாத்தா? நீ இன்னொரு கரண்டி ஊத்து. கிராணியாரே, கவலைப்படாதேயும், அணிந்துரையில பெருங்காயம்னே எழுதிடறேன்."

நெற்றியில் திருநீறு, மூக்கு நுனியில் குழம்பு. சின்னையாவுக்கு அந்த முகத்தைப் பார்க்கவே கூசியது. அதைவிடக் கேவலம், பெயர் தப்பியது என்று தன் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி எழுந்ததே, அது.

வடிவம்மாள் உள்ளே போய்க் குழம்புப் பானையைத் தூக்கி வந்தாள். இருபது பேருக்கு வைத்த குழம்பு. வாசலுக்கு வெளியே, சரிவில், அப்படியே கவிழ்த்தாள். "அடடா, அநியாயமா..." என்று பிரசங்கியார் சோற்றுக் கையோடு எழுந்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பலகையைக் கழற்றிச் சின்னையாவின் கையில் திணித்தாள்.

"ஒங்க கையெழுத்து. நீங்களே வச்சிக்கங்க."

சின்னையா பலகையோடு தெருவில் நின்றார். வெயிலில் காய்ந்த மண்ணில் குழம்பு இறங்க, புளியும் அந்தக் கட்டியும் சேர்ந்த மணம் குப்பென்று கிளம்பியது. கைக்குட்டையைத் தேடிச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். அதற்குள் அவர் வாயில் எச்சில் ஊறியிருந்தது.

துப்பினார். மறுபடியும் ஊறியது.